அடுப்பில் வைத்த கைப்பிடிகள்

இரும்பு வார்க்கிற பட்டறை ஒன்றில் அவளுக்கு அடுப்படி வேலை. சமையல் அடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வார்ப்புக்குள் எங்கே ஓட்டை விழவேண்டுமோ அங்கே வைப்பதற்காக மணலில் எண்ணெய் கலந்து கட்டி பிடிப்பார்கள். பட்டறையில் அதற்குக் கோர் என்று பெயர். ஈரக் கோரை அப்படியே வைத்தால் உருகின இரும்பு பட்டதும் வெடித்துவிடும். அதனால் அதை ஆள் உயர அடுப்பில் அடுக்கி வேகவைத்து எடுக்கவேண்டும். எடுக்கிறவள் அவள். வீட்டிலும் அடுப்பு, வேலையிலும் அடுப்பு. அடுப்புக்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் கொடுக்கிற மேனேஜர்கூட யோசித்துத்தான் சொல்லவேண்டியிருந்தது.

அவள் புருஷன் அதே பட்டறையின் மறுகோடியில் சாணைக்காரன். வார்த்து ஆறின இரும்பில் பிதுங்கி நிற்கிற பிசிறையெல்லாம் சுழலும் கல்லை வைத்துத் தேய்த்து எடுப்பது அவன் தொழில். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்கவேண்டிய கனத்த மெஷின், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. வேலையில் சூரன், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வீட்டிலும் சூரன்தான். சாப்பாட்டில் உப்பு கூடினால் ஓர் அறை, குறைந்தால் இரண்டு, சரியாக இருந்தால் இன்றைக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டு ஒன்று. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். சொன்ன மகானைக் கூட்டிவந்து அந்த வீட்டில் ஒரு வாரம் குடிவைக்கவேண்டும்.

அவளுக்குப் பிள்ளையில்லை. ஒரு தம்பி இருந்தான். தாய் தகப்பன் போனபிறகு அவனையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் புருஷன் வீட்டுக்கு வந்தாள். இதில் ஒரு விந்தை. சாணைக்காரன் அந்தப் பையனை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. தோளில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போவான், காய்ச்சல் என்றால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான், பையன் கேட்டதை வாங்கித் தராமல் தூங்கமாட்டான். அதற்காகவே அவள் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். தம்பி வளர்ந்து மீசை முளைத்து ஆளாகிவிட்டான், அவளும் பொறுத்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு தடவை உதடு கிழிந்து நின்றவளைத் தம்பி தனியாகக் கூப்பிட்டு, மாமாவுக்குக் கோபம் வருகிற நேரம் தெரியாதா, நீ கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டால் என்ன என்று அன்பாகத்தான் சொன்னான். பிள்ளை அக்கறையாய்ச் சொல்கிறானே என்று இவளும் கேட்டுக்கொண்டாள். என்ன பிறவியோ!

பட்டறையில் அப்போது வார்க்கிற இரும்பை மாற்றினார்கள். பழைய இரும்பு அழுத்தினால் பொட்டென்று உடையும். வாங்குகிறவர்கள் புலம்பவே, உருகின இரும்பில் மக்னீசியம் கொஞ்சம் போட ஆரம்பித்தார்கள். கொஞ்சமென்றால் கொஞ்சம்தான், ஆனால் வேலையைக் காட்டிவிட்டது. புது இரும்பு உடையவில்லை. ஆனால் தட்டினால் மணியடித்தது. பழைய இரும்பு தன் மேல் விழுகிற அதிர்வைத் தானே விழுங்கிக்கொண்டிருந்தது. புதுசு விழுங்கவில்லை. கல்லை வைத்ததும் ணங்கென்று அதிர்ந்து, அதிர்ச்சி முழுவதையும் மெஷின் வழியாகச் சாணைக்காரனின் கைக்கே அனுப்பியது. சில மாதங்களில் அவன் விரல்நுனிகள் குளிரில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தன. மரத்துப்போகும், பிறகு ரத்தம் திரும்பும்போது உயிர் போகிற வலி. சட்டைப் பொத்தான் போட முடியாமல் நின்றான்.

அந்த மாதங்களில் வீட்டில் அடி குறைந்தது. மனசு மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள், கை மாறிவிட்டது. ஓங்கி ஒன்று வைத்தால் அவனுக்கே விரல் தெறித்தது. திட்டுவதோடு நிறுத்திக்கொண்டான். அவள் சமையலறையில் மெதுவாகப் பாடக்கூட ஆரம்பித்தாள், அவன் இல்லாதபோது.

மேனேஜருக்கு நல்ல சாணைக்காரனை இழக்க மனமில்லை. எங்கிருந்தோ ஓர் உலோகக்காரரை வரவழைத்தார். ஒடிசலான மனிதர், மரப்பெட்டி ஒன்றோடு வந்தார். பெட்டியிலிருந்து உலோகக் கம்பிகளை எடுத்து நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஆட்களையெல்லாம் கூப்பிட்டுச் சுத்தியால் தட்டிக் காட்டினார். எஃகு ரீங்கென்று நெடுநேரம் பாடியது. பழைய வார்ப்பிரும்பு சற்றே முனகி அடங்கியது. அதற்குள்ளே கரி செதில் செதிலாகக் கிடக்கிறது, அந்தச் செதில்கள்தான் அதிர்வைத் தின்கின்றன, மக்னீசியம் பட்டால் செதில் உருண்டையாகச் சுருண்டுவிடும், அப்புறம் இரும்புக்கு வலு வரும், தின்கிற குணம் போய்விடும் என்றார். கடைசிக் கம்பியைத் தட்டினார். டொக். அவ்வளவுதான். மரக்கட்டையைத் தட்டினால்கூட இன்னும் கொஞ்சம் சத்தம் வரும். மாங்கனீசும் செம்பும் கலந்தது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள் இருக்கின்றன, அதிர்வு வந்தால் அவை இப்படியும் அப்படியும் நகர்ந்து அதை விழுங்கிவிடும் என்று கையை அசைத்துக் காட்டினார். ஆட்கள் ஆளுக்கொரு தரம் தட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். என் மாமியாருக்கு இதில் ஒரு நாக்கு செய்து தருவீர்களா என்று ஒருவன் கேட்டான்.

அந்த உலோகத்தில்தான் சாணைக்காரனின் மெஷினுக்கு இரண்டு கைப்பிடிகள் செய்து மாட்டினார்கள். அவற்றை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உலோகக்காரர் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்.

கைப்பிடிகள் சொன்னபடி வேலை செய்தன. சாணைக்காரனின் விரலில் மெல்லமெல்ல ரத்த ஓட்டம் வந்தது, பிடி வந்தது, பொத்தான் போட வந்தது. ஒரு மாலையில் அவள் கதவைத் திறக்கத் தாமதமாகிவிட்டது. அவன் உள்ளே வந்து பையை இறக்கி வைத்துவிட்டு, பொறுமையாக, விரல்களை ஒரு தரம் மூடித் திறந்து பார்த்துக்கொண்டு, ஓங்கி அறைந்தான். அவள் சுவரில் போய் மோதினாள். அவனோ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான், அவனுக்கு வலிக்கவில்லை. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஒரு வருஷத்து வட்டியும் முதலுமாக அந்த மாதம் வசூலானது.

குளிர் தொடங்கியது. விரல் தேறியிருந்தாலும் காலையில் சில்லிட்ட உலோகத்தைப் பிடித்தால் மறுபடி வெளுக்கும். சாணைக்காரன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். கைப்பிடிகளைத் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே அவள் அடுப்பிடம் வந்தான்.

"எனக்கு விரல் உறைஞ்சு கிடக்கு, நீ இங்க குளிர் காஞ்சுக்கிட்டு நிக்கிறே. இதைச் சூடு பண்ணிக் கொண்டா. தொட்டா சுடணும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் கைப்பிடிகள் அடுப்பின் மேல்தட்டில் காய்ந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு தடவை. சூடு போதவில்லை என்றால் எல்லோர் முன்னாலும் வசவு. அவள் அடுப்பையும் பார்த்து, கோரையும் பார்த்து, துணி சுற்றி அவற்றை ஏந்திக்கொண்டு பட்டறையின் நீளத்துக்கும் ஓடுவாள். அதோ மகாராணி பரிவாரத்தோடு வருகிறாள் என்பான் சாணைக்காரன். ஆட்கள் சிரிப்பார்கள்.

குளிர் பாதி போன சமயத்தில் உலோகக்காரர் வேறு ஏதோ காரியமாக வந்தார். அடுப்பைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து மேல்தட்டைப் பார்த்தார். இதை யார் இங்கே வைக்கச் சொன்னது என்று கேட்டார். அவள் சொன்னாள். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த உலோகத்துக்கு எதிரி சூடு ஒண்ணுதாம்மா. சூட்டுல கிடந்தா உள்ளே இருக்கிற மாங்கனீசு தனியாப் பிரிஞ்சுடும். இப்படித் தட்டு மேல வச்சா மெதுவாக் கெடும். நெருப்புக்குள்ளயே விழுந்துச்சுன்னா சீக்கிரமே சாதாரண உலோகம்தான். வெளியில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

கைப்பிடியைச் சுண்டிப் பார்த்தார். இன்னும் முழுசாகக் கெடவில்லை, இதோடு நிறுத்தினால் போதும் என்றார். மேனேஜரிடம் மறுபடி சொல்லிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். அவள் பதறி, வேண்டாங்க, அவரை எல்லோர் முன்னாடியும் திட்டுவார்கள், நானே வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள். எவ்வளவு நல்ல பெண்சாதி என்று அவர் நினைத்திருக்கவேண்டும். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நிமிஷம் அவள் மெய்யாகவே சொல்லத்தான் நினைத்தாள். அன்றைக்கு அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உங்க கைப்பிடி விஷயமா ஒண்ணு என்று வாயெடுத்தாள். அவனுக்கு வேலையிடத்தில் என்ன எரிச்சலோ, சாப்பிடும்போது தொணதொணக்காதே என்று புறங்கையால் விட்டான். எடுத்த வாய் மேலேயே விழுந்தது. முன்பல் ஒன்று ஆடியது. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தாள். தொட்டியில் சிவப்பாக ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து அவனுக்குத் தண்ணீர் வைத்தாள். கைப்பிடிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கைப்பிடிகள் வந்தபோது அவள் அவற்றை மேல்தட்டில் வைக்கவில்லை. அடுப்பின் கீழ்க்கதவைத் திறந்து கனலுக்குள்ளேயே தள்ளினாள். சிவக்கும்வரை விட்டு, இடுக்கியால் எடுத்துச் சாம்பலில் புதைத்து ஆறவைத்து, எண்ணெய்த் துணியால் மேலே படிந்த கரியைத் துடைத்து, பிடிக்கிற சூட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கத்தினான். இன்றைக்கு நன்றாகச் சூடு பண்ணினேன் என்று சொன்னாள், அது பொய்யில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தவன், இத்தனை நாளில் இன்றைக்குத்தான் உருப்படியாகச் செய்திருக்கிறாய் என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அவளும் சளைக்காமல் குளிர்காலம் முடிகிறவரை தினமும் அப்படியே செய்தாள்.

அவனுக்குத் தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். பாதி மரத்த விரலுக்கு எது நல்ல உலோகம், எது கெட்ட உலோகம் என்று எப்படித் தெரியும்? அதிர்வு கூடக்கூட விரல் மரத்தது, விரல் மரக்கமரக்க அதிர்வு தெரியவில்லை. தெரிந்தபோது வெயிற்காலத்திலேயே விரல்கள் வெளுத்திருந்தன. மேனேஜரிடம் போய் நின்றான். உனக்கென்றே ஊரில் இல்லாத உலோகத்தில் கைப்பிடி செய்து கொடுத்தேன், இன்னும் நடுங்குகிறது என்றால் நீ வேலைக்குக் கள்ளத்தனம் பண்ணுகிறாய் என்றார் அவர். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஒருநாள் மெஷின் கையைவிட்டு நழுவி அவன் காலடியிலேயே விழுந்தது. மருத்துவர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினார், அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எப்போது குத்துவீர்கள் என்று கேட்டான். நரம்பும் ரத்தக்குழாயும் போய்விட்டன, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டோடு வந்து உட்கார்ந்தான். கரண்டி பிடிக்க முடியவில்லை, சோற்றைப் பிசைய முடியவில்லை, நாடாவை அவிழ்க்க முடியவில்லை. எல்லாம் அவள்தான். காலையில் குளிப்பாட்டி ஊட்டிவிட்டு வேலைக்குப் போவாள், மத்தியானம் ஓடிவந்து ஊட்டுவாள், மாலையில் மறுபடி ஊட்டுவாள். அக்கம்பக்கத்தில் அவளைப் பத்தினி என்றார்கள். அடித்த புருஷனை இப்படித் தாங்குகிறாளே, கல்லானாலும் கணவன் என்பது சும்மாவா என்று மெய்சிலிர்த்தார்கள். சிலிர்க்கட்டும். நாக்கு மட்டும் அவனுக்குத் தேயவில்லை, விழித்திருக்கிற நேரமெல்லாம் வைதுகொண்டிருந்தான். அவளுக்கு அது மழைச்சத்தம் போலத்தான் கேட்டது. கன்னத்தில் வீக்கமில்லாமல் கண்ணாடி பார்த்தாள், கொஞ்சம் சதை போட்டாள். அவளுக்கு வாய்த்த நல்ல காலம் என்றால் அதுதான். அவள் அதற்காக வெட்கப்படவுமில்லை.

அந்த நல்ல காலத்துக்கு மண் போட்டவன் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவன் ஒருநாள் முகமெல்லாம் பல்லாக வந்து மாமனின் காலைத் தொட்டான். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பி, உன் மாமனின் சாணையை நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டாராம். அதே மெஷின், அதே இடம். சாணைக்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. கல்லை எப்படி வைக்கவேண்டும், தோளை எப்படிக் கொடுக்கவேண்டும் என்று விறைத்த கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தான். அவள் கதவோரம் நின்று பார்த்தாள். தம்பியின் விரல்கள் நீளமானவை, அவற்றுக்கு நகம் வெட்டி விட்டு வளர்த்தவள் அவள்தான். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள், அவளுக்குத் தசை மட்டுமல்ல, குலையே ஆடியது.

என்னென்னவோ செய்து பார்த்தாள். அந்த வேலை வேண்டாம் என்றாள், சிரித்தான். மேனேஜரிடம் போய்க் கைப்பிடி பழசாகிவிட்டது, மாற்றுங்கள் என்றாள். உனக்கு அடுப்பு இருக்கிறது, அதைப் பார் என்றார் அவர். அப்படி மாற்றவேண்டுமானால் கெட்டுவிட்டது என்று சொல்லவேண்டும், ஏன் கெட்டது என்று சொல்லவேண்டும். தம்பி சாணையைத் தொட்ட முதல் வாரத்திலேயே, கை என்னமோ மதமதவென்று இருக்கிறது, புது வேலை இல்லையா, பழகிவிடும் என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். அதற்குமேல் அவளால் தாங்கமுடியவில்லை. மாலையில் பட்டறை வாசலில் அவனை நிறுத்தி, சுற்றுச்சுவர் ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னாள். அந்தக் கைப்பிடிகளைச் சூட்டில் வைத்தால் குணம் போய்விடும், அவை செத்துப்போய்விட்டன, உலோகக்காரரைக் கூப்பிட்டு வேறு வாங்கிக்கொள் என்றாள்.

சூட்டில் வைக்கச் சொன்னவன் மாமன். அங்கேயே நிறுத்தியிருந்தால் பழி அவன் தலையோடு போயிருக்கும். ஆனால் தம்பி அவளையே பார்த்தான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லவில்லை. இவனுக்குப் புரியும் என்று நினைத்தாள். கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவன்தானே, இவனுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும் என்று நினைத்தாள். அதனால் எல்லாவற்றையும் சொன்னாள். உலோகக்காரர் சொன்னதை, வாயில் விழுந்த அடியை, கனலை, சாம்பலை. சொல்லச்சொல்ல நெஞ்சுக்கு லேசாகக்கூட இருந்தது. தம்பி சுவரில் சாய்ந்துவிட்டான்.

"எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்ட கையையா இப்படிப் பண்ணினே?"

"அந்தக் கை என்னை என்ன பண்ணுச்சுன்னு நீ பார்க்கலையா?"

"பார்த்தேன். அதுக்காக?"

அவ்வளவுதான் கேட்டான். அதுக்காக. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவன் கெட்டிக்காரன். மேனேஜரிடம் மாமன் பெயரையும் எடுக்கவில்லை, அக்கா பெயரையும் எடுக்கவில்லை. யாரோ விவரம் தெரியாமல் கைப்பிடிகளைச் சூடு காட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். உலோகக்காரர் வந்து தட்டிப் பார்த்தார். கைப்பிடி எஃகு மாதிரி ரீங்கென்று பாடியது. தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஜோடி மாட்டினார்கள். தம்பியின் விரல்களுக்கு இனி ஒன்றும் வராது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அன்றைக்கே அவன் தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, பட்டறை ஆட்கள் ஆறேழு பேர் நெருக்கியடித்துத் தங்குகிற அறைக்குப் போய்விட்டான். படுக்க இடமில்லாத அந்த அறைக்கு மாமனைக் கூட்டிக்கொண்டு போகமுடியாது. ஆனால் போவதற்கு முன்னால், அவள் வருவதற்குள், மாமனிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு பட்டறையில் அவளை எதிரே கண்டால் வேற்றாளைப்போல விலகி நடந்தான்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது வசவு இல்லை. சாணைக்காரன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. தம்பியின் துணிக்கொடி காலியாக இருந்ததைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. அடுப்பைப் பற்றவைத்துச் சமைத்தாள். எப்போதும்போலத் தட்டில் போட்டுப் பிசைந்து, அவனெதிரே உட்கார்ந்து, ஒரு கவளம் உருட்டி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அவன் வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு தட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் பயந்தது அதுவே முதல் தடவை. பயம் அவனுக்கு வழக்கமில்லாததால் முகத்தில் மறைக்கத் தெரியவில்லை.

"முதல்ல நீ தின்னு," என்றான்.

அவள் கவளத்தைத் தன் வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்று, விழுங்கினாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு பசியோடு காத்திருந்தான்.